செம்புத் தகடும் மைக் ஸ்டாண்டும்

இங்கிலீஷைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் ஒன்பதாம் வகுப்பில் கையில் சிக்கியிருந்தால், தாயில்பட்டி பஸ் ஸ்டாப்பிலேயே அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுந்து நின்று பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த லட்சணத்தில், காலைப் பிரார்த்தனையில் மைக் முன்னால் இங்கிலீஷில் ஐந்து வாக்கியம் பேசாதவர்களைத் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடப் போவதாக டீச்சர் சொல்லிவிட்டார். என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்தவள் அம்மா.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். கூட்டத்தைப் பார்க்காதே, கொடிமரத்தைப் பார் என்றார் அப்பா. சித்தி வெறும் வயிற்றில் தேன் குடிக்கச் சொன்னாள். அம்மாவின் வைத்தியம்தான் வினையாகிப் போனது. அவள் பட்டாசு கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிறவள். அந்த அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை எல்லோரும் தொட்டாக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணில் இறங்கிவிடுமாம்; இல்லாவிட்டால் ஒரு பொறி போதுமாம், மருந்து பற்றி அறையே வெடித்துவிடுமாம்.

"நீயும் பேசுறதுக்கு முன்னால இரும்பு எதையாச்சும் தொட்டுக்க தாயி. படபடப்பு எறங்கிரும். நான் தெனமும் அப்படித்தான உள்ள போறேன்" என்றாள்.

கரண்டும் படபடப்பும் ஒன்றா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் மேடையில் கைக்கெட்டிய இரும்பு, மைக் ஸ்டாண்டு ஒன்றுதான். அதில் கரண்டு கசிவது யாருக்குத் தெரியும்? பிடித்தேன். சுரீர் என்றது. "எம்மா" என்று நான் அலறியது மைக்கில் ஊருக்கே கேட்டிருக்கும். பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, நாளைக்கு மறுபடியும் பேசு என்றார். பட்டது போதாதென்று மறுபடியும் வேறு.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய அம்மாவை முகம் கழுவக்கூட விடவில்லை. கையெல்லாம் மருந்து அப்பியபடி வாசலிலேயே நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சிரிக்கியா நீ? அங்கன வந்து நின்னு பாரு. பயம்னா என்னன்னு ஒனக்கு என்னத்தத் தெரியும்?" என்று கத்தினேன்.

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். "எனக்கு என்ன தாயி தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அந்த மட்டுக்காவது ஒப்புக்கொண்டாளே என்று எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.