நாங்கள் என்று சொன்னேன்

நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பெயர்கள்தான். லிண்டாவின் பால், க்ரெக்கின் தயிர், இன்னொருத்தியின் பாதி ஆப்பிள். அந்தப் பாதி ஆப்பிளுக்கும் பெயர் உண்டு. லிண்டா தன் பால் டப்பாவில், பால் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பேனாவால் கோடு வேறு போட்டு வைப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய டப்பா நிறைய எலுமிச்சம்பழச் சோறு கொண்டுபோய், எல்லோரும் எடுத்துச் சாப்பிடட்டும் என்று பெயர் எழுதாமல் வைத்தேன். ஒருவர்கூடத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் சோறு டப்பாவோடு குப்பைக்குப் போயிருந்தது. பெயர் இல்லாத உணவு அகற்றப்படும் என்று கதவில் ஒரு தாள். லிண்டாவிடம், அது எல்லோருக்குமாக வைத்தது என்றேன். அவள் மிகுந்த இரக்கத்தோடு, "எல்லோருக்கும் என்று எழுதியிருக்கலாமே" என்றாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் இருப்பது கனடாவின் நடுப்பகுதியில். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல், மலை மருந்துக்கும் இல்லை. நன்னிலத்துக்காரிக்குச் சமதரை ஒன்றும் அதிசயமில்லை என்பதால் ஊர் பிடித்துப்போனது. ஊருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. நான் டாக்டர். தஞ்சாவூரில் மைக்ரோபயாலஜியில் எம்.டி. முடித்தவள். ஒருவரின் காய்ச்சலுக்கு எந்தக் கிருமி காரணம், அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுசொல்லும் படிப்பு. இங்கே அது செல்லாது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சளியும் இரத்தமும் வரும் குப்பிகளைப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். குப்பிக்குள் இருக்கும் கிருமியைப் பற்றி வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. மறுபடியும் டாக்டராக வேண்டுமென்றால் பரீட்சைகள் எழுதி, மெடிக்கல் மைக்ரோபயாலஜி ரெசிடென்சி என்னும் பயிற்சிக்கு விண்ணப்பித்து, கற்றதையே ஐந்து வருஷம் திரும்பக் கற்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு எங்கள் மாகாணத்தில் ஒரே ஓர் இடம். அதற்காக மூன்று வருஷம் படித்தேன். மகளைக் கணவர் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்ப, நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பரீட்சைகள் எல்லாம் தேறி, நேர்முகத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் "நான்" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் ஆகாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிய குடும்பம். எதையும் தனியாளாகச் செய்து முடித்தவர்கள் அங்கே யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்து, "நான்தான் ஃபர்ஸ்ட்" என்று குதித்தபோது அம்மா, "மெதுவா சொல்லுடி, ஊரு காதுல விழுந்துடப்போவுது" என்று அடக்கினார். கல்லூரியிலும் அதேதான். நோயாளியைப் பற்றிப் பேசும்போது "நான் கண்டுபிடித்தேன்" என்று சொல்லிவிட்டால் பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "ஏம்மா, நாங்கல்லாம் இங்க கடலை உரிச்சிக்கிட்டா இருந்தோம்?" என்பார். ஆகவே எல்லாமே "நாங்கள்" ஆனது. பாடம் படித்ததைவிட அது நன்றாகப் படிந்துவிட்டது.

எம்.டி. இரண்டாம் வருஷம், சம்பா நடவு முடிந்த நேரத்தில், ராமையன் சித்தப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பாவின் தம்பி. அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். சர்க்கரை உடம்பு. மாதக்கணக்கில் காய்ச்சல், தொடையில் சீழ்க்கட்டி. டி.பி. என்று சொல்லி எங்கோ மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆள் பாதியாகிப்போயிருந்தார். சீழ் ஆய்வகத்துக்கு வந்தது. அதில் வளர்ந்ததைப் பார்த்துவிட்டு அன்றைய டூட்டியில் இருந்த சரவணன், "வெளிலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்த கிருமி தேனு. தூக்கிக் குப்பைல போடு" என்றான். சரவணன் சீர்காழிக்காரன், என்னோடு எம்.டி. படித்தவன், என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறக்கும் அளவுக்கு நண்பன். சொல்லிவிட்டு மாமா மகள் கல்யாணத்துக்கு சீர்காழிக்கு பஸ் ஏறிவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. லேப் டெக்னீஷியனிடம் கிருமி வளர்ந்திருந்த தட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் மறுபடி மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு கிருமியும் இரண்டு முனையில் மட்டும் நிறம் ஏறி, புடவையில் குத்தும் ஊக்கு மாதிரி இருந்தது. வழக்கமாகப் போடும் ஊசி மருந்து எதற்கும் அடங்கவில்லை. மெலியாய்டோசிஸ். அந்த நோயின் கிருமி வயல் சேற்றில் இருக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போகும். சர்க்கரை உள்ள விவசாயி என்றால் ஆளையே கொண்டுபோய்விடும். பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மருந்து மாறியது. சித்தப்பா பிழைத்தார்.

சரவணன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் இளநீரோடு வார்டுக்குப் போய் சித்தப்பாவிடம் உட்கார்ந்து கதை பேசினான். தன் வாயால்தான் அந்தத் தட்டு குப்பைக்குப் போக இருந்தது என்பதையும் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தான். சித்தப்பாவுக்கு அவனை அவ்வளவு பிடித்தது. எனக்கும்தான்.

எனக்கு முன்பே அவன் கனடா வந்துவிட்டான். வேறொரு மாகாணத்தில் அவனுக்கு ரெசிடென்சி கிடைத்தது. எனக்கு வழிகாட்டியவனும் அவன்தான். எந்தப் புத்தகம், எந்தப் பரீட்சை, யாருக்கு எப்படி மெயில் எழுதுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நேர்முகத்துக்கு முந்தைய வாரம் பேசும்போது, "உங்க சித்தப்பா கேஸை மட்டும் சொல்லாத. ட்ராபிக்கல் கேஸ்னாலே இங்க போரடிச்சுப்போச்சு. சிம்பிளா எதையாவது சொல்லு" என்றான். அக்கறை என்று நினைத்தேன். நன்றி வேறு சொன்னேன்.

நேர்முகம் கணினித் திரையில்தான். மூன்று பேர். தலைவியின் பெயர் டாக்டர் ஹெலன். நரைத்த தலை, நல்ல சிரிப்பு. இந்தத் துறைக்கு உங்களை இழுத்துவந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வேறு யார் இருக்கிறார்? சரவணனின் எச்சரிக்கை அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. சொந்தக்காரர் என்றால் இவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று, ஒரு விவசாயி என்று மட்டும் சொல்லித் தொடங்கினேன். பார்த்தோம், சந்தேகப்பட்டோம், மறுபடி செய்தோம் என்று இங்கிலீஷில் வி சா, வி டவுட்டட், வி ரிப்பீட்டட். எல்லாமே வி. அந்த 'வி'க்குள் பேராசிரியரும் டெக்னீஷியனும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் ஹெலனின் முகம் மலர்ந்தது. "வெறுங்காலோடு நடந்த விவசாயி! எங்களுக்குத் தெரியுமே. டாக்டர் சரவணன் எங்கள் இரண்டு மாகாணங்களின் கூட்டுக் கருத்தரங்கில் அந்த நோயாளியைப் பற்றிப் பேசினாரே. எல்லோரும் தூக்கி எறியச் சொன்ன தட்டை அவர் விடாமல் காப்பாற்றினாராம். நீங்களும் அவருடைய குழுவில் இருந்தீர்களா?"

இந்த இடத்தில்தான் நம்மூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். வெளியாள் முன்னால் நம்மவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நம் இரத்தத்தில் ஊறியது. வீட்டுக்குள் கட்டிப்புரண்டு சண்டை போட்டாலும், வாசலில் ஆள் நின்றால், "ஒண்ணுமில்லைங்க, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்போமே, அதே வாய்தான். அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்பது புத்திக்கு எட்டும் முன்பே என் வாய், "யெஸ், வி வேர் டுகெதர்" என்று சொல்லிவிட்டது. அவர்கள் மூவரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மார்ச் மாதம் முடிவு வந்தது. இடம் எனக்கில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தேன். டாக்டர் ஹெலன் தானே போன் செய்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "நீங்கள் குழுவோடு ஒத்துப்போவது தெரிகிறது. உங்கள் சொந்தச் சிந்தனை எது என்றுதான் எங்களால் பார்க்க முடியவில்லை" என்றார். அவர் சொன்னது, அவர் காதில் விழுந்த வரைக்கும், சரிதான்.

சரவணனைக் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. அப்புறம் அவனே கூப்பிட்டான்.

"கேள்விப்பட்டேன் தேனு. மனச விட்டுடாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"எங்க சித்தப்பா கேஸை நீ கண்டுபிடிச்சேன்னு சொன்னியா?"

 சிரிக்கப் பார்த்தான். "நாமதானே பண்ணோம்?"

"நீ குப்பைல போடச் சொன்ன."

"இங்க 'வி'ன்னு பேசினா ஒருத்தனும் சீட்டு தரமாட்டான் தேனு. எல்லாருமே 'ஐ'ன்னுதான் சொல்றான். நானும் சொன்னேன். அதனாலதான் உன்ன அந்தக் கேஸைச் சொல்லாதன்னேன். சொன்னா கேட்டியா?"

தப்பு என் மேலேயே வந்து விழுந்தது. தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. நாங்கள் என்றால் கேட்பவன் வெளியே. நாம் என்றால் கேட்பவனும் உள்ளே. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'வி'. நான் 'நாங்கள்' என்று நினைத்துச் சொன்ன இடத்தில், குப்பையில் போடச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப்போனவன் 'நாம்' என்று நுழைந்து, உள்ளே வந்ததும் 'நான்' என்று கதவைச் சாத்திக்கொண்டான். இதை அவனிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அவமானமாக இருந்தது. படித்த படிப்பையோ கைவிட்டுப்போன இடத்தையோ நினைத்து வந்த அழுகை அல்ல. என் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவன் இவன் என்பதை நினைத்து வந்த அழுகை.

அந்தச் சனிக்கிழமை காலை சித்தப்பா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம். அறுப்பு முடிந்த தாளடி வயலில் உளுந்து காய்த்துக் கிடந்தது. வயலில் நின்றுகொண்டுதான் பேசினார்.

"தேனு, எல்லாரும் சௌக்கியமா? பரீட்சை முடிவு வந்துடுச்சாமே? சரவணன் தம்பி எப்படி இருக்கு?"

"அவன் உங்ககிட்ட பேசுவானா சித்தப்பா?"

"பேசாம? அது அங்க சேர்றதுக்கு முன்னாடியே ஒருநாள் போன் போட்டு ஆதியோடந்தமா கேட்டுச்சே. எப்ப காய்ச்சல் வந்துச்சு, எந்த வயல்ல நடவு, கால்ல எங்க வெடிப்பு இருந்துச்சுன்னு. தொடைல தழும்ப போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுச்சு. உன் சித்திதான் எடுத்தா. வெக்கமாத்தான் இருந்துச்சு. நம்ம புள்ள படிப்புக்குத்தானேன்னு அனுப்பிட்டேன்."

 அவர் பெருமையாகத் தொடர்ந்தார்.

"அப்பவே சொல்லிவெச்சேன், தேனுவும் அங்க வருது, அதுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுப்பான்னு. 'நீங்க கவலப்படாதீங்க சித்தப்பா, நான் பாத்துக்கிறேன்'னுச்சு. என்ன, நமக்குக் கெடச்சிடுச்சுல்ல?"

நமக்கு. எனக்கும் அவனுக்கும் தனக்கும் சேர்த்துத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் 'நமக்கு' என்ற அந்த வார்த்தையை இனி யாருக்காகவும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அவனுக்குக் கெடச்சிது. எனக்குக் கெடைக்கல சித்தப்பா. அன்னைக்கு அந்தத் தட்டை எடுத்துவெச்சது நான். நான் மட்டும்தான். அவன் இல்ல."

சித்தப்பாவின் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காமல் நான் முறுக்கைத் தின்றபோது பார்த்த பார்வை அது.

"என்னம்மா இது, அவன் வேற நீ வேறன்னு பேசுற? சீட்டு இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம். அதுக்காக இப்படியா? நான், நான்னு. நம்ம வீட்டுல யாரு இப்படிப் பேசினா?" என்றார். பிறகு கோபமில்லாமல், கவலையோடு, "அந்த ஊருக்குப் போயி மாறிட்ட தேனு" என்றார்.

அவரை வரப்பிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இரு, வந்துடுறேன்" என்று போனை உளுந்துச் செடிகளுக்கு நடுவில் மல்லாக்க வைத்துவிட்டுப் போனார். திரை முழுக்க நன்னிலத்து வானம். சாக்கில் கொட்டும் காய்களின் சத்தமும், நம்மாளுங்க நாளைக்கு எத்தனை பேரு வர்றீங்க என்று அவர் கேட்பதும் கேட்டது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகம், அதன் பின்னால் ஜன்னலில் பனி. அவர் திரும்பி வருவார் என்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்தேன்.