மாமா திரும்பி நின்ற ஆட்டம்

செஸ் ஒரு ஸ்போர்ட்ஸா இல்லையா என்ற சண்டை எங்கள் வீட்டில் ஒரு மரத் தட்டை வைத்துத்தான் தொடங்கியது. ஆந்திர எல்லையோர நகரியில் எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே இருந்த அந்தத் தட்டு முழுக்க மாமாவின் கபடிக் கோப்பைகள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். வாரம் முழுக்க எங்கள் விசைத்தறிகளை ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எந்த ஊரிலாவது கபடி ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவார். நான் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடச் செஸ் போட்டியில் ஒரு சின்னக் கோப்பை வாங்கி வந்தபோது, அதை அந்தத் தட்டில் வைக்க விடாமல் தடுத்தவர் அவர்தான்.

“செஸ்ஸு இன்னா ஸ்போர்ட்ஸா? உக்காந்துகினே ஆடுறது. ஒரு சொட்டு வேர்வ வருதா? அதெல்லாம் கணக்குப் பரீட்ச மாதிரி. கொண்டுபோய் சமையக்கட்டுல வையி.”

நைனா, அதாவது என் அப்பா, எனக்காக வாதாடத்தான் செய்தார். ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மாமா ஒரு ஆட்டமே ஆடி முடித்துவிடுவார். கடைசியில் என் கோப்பை புளி ஜாடிக்குப் பக்கத்தில் குடியேறியது. அம்மா ஒருநாள் ஏதோ அவசரத்தில் அதில் கடுகைக் கொட்டி வைத்துவிட்டாள். அன்று நான் அழுத அழுகை தறிச் சத்தத்தையும் மீறித் தெருவுக்குக் கேட்டதாம்.

அடுத்த ஆண்டு திருப்பதியில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி வந்தது. கபடி, கோகோ, ஓட்டம் எல்லாம் போக, கடைசியில் செஸ்ஸும் இருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து செஸ்ஸுக்கு நான் ஒருத்திதான். தனியாக அனுப்ப முடியாது. நைனாவுக்கோ தீபாவளிச் சரக்கு நெருக்கியது. மாமாவைத்தான் துணைக்கு அனுப்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவர் கண்ணெதிரிலேயே ஜெயித்து, அந்தக் கோப்பையை அவர் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பஸ் புத்தூரைத் தாண்டுவதற்குள், அம்மா எனக்குக் கட்டிக்கொடுத்த அவித்த முட்டைகளில் பாதியை மாமா முடித்துவிட்டார். “உக்காந்து ஆடுறவளுக்கு இன்னாத்துக்கு முட்ட?” என்று நியாயம் வேறு பேசினார்.

இங்கே எங்கள் தறிக்கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறிகள் ஒன்றாக ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே எல்லோரும் கையால்தான் பேசுவோம். ஆள்காட்டி விரலைச் சுற்றினால், ‘தறி ஓடுதா?’ இரண்டு விரல்களைக் கத்தரி போல விரித்தால், ‘இழை அறுந்துபோச்சு.’ இரண்டு விரல்களைச் சேர்த்துத் திருகினால், ‘முடிச்சுப் போடு.’ உள்ளங்கையைக் கீழே தாழ்த்தி அசைத்தால், ‘மெதுவா, பதறாதே.’ அட்சரம் படிப்பதற்கு முன்பே நான் இதைப் படித்துவிட்டேன். கல்யாணப் பந்தியிலும் கோயில் வரிசையிலும்கூட எங்கள் வீட்டுக் கைகள் தாமாகப் பேசிக்கொள்ளும்.

திருப்பதியில் மற்ற ஆட்டங்கள் நல்லபடியாகவே போயின. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் கோப்பை நிச்சயம். எதிரே திருப்பதிப் பெண் ஒருத்தி. நடுவில் நான் அசட்டையாக ஒரு குதிரையைப் பறிகொடுத்தேன். தலை நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே மற்ற பெற்றோர்களோடு மாமா. ஆள்காட்டி விரலைச் சுற்றினார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு விரல்களை விரித்துக் காட்டினேன். மாமாவின் முகம் சுருங்கியது. விரல்களைத் திருகினார். பிறகு உள்ளங்கையைத் தாழ்த்தி மெதுவாக அசைத்தார். நான் குனிந்து, மூச்சை இழுத்துவிட்டு, யானையை நகர்த்தினேன்.

போதாத காலம், அது நல்ல நகர்த்தலாக அமைந்துவிட்டது. எதிரே இருந்தவளின் முகம் மாறிற்று. அவளுடைய அப்பா வெளியே நின்று தெலுங்கில் கூச்சல் போட ஆரம்பித்தார். யாரோ ஒரு ஆள் ஜன்னல் வழியாகச் சைகை காட்டி இந்தப் பெண்ணுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறான் என்றார்.

நடுவர் ஒரு மேடம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு மாமாவை உள்ளே வரவழைத்தார். வெளியிலிருந்து யோசனை சொன்னது உண்மையென்றால் ஆட்டம் எதிராளிக்குத்தான் என்றார்.

“நாக்கு செஸ் ராது மேடம்!” என்று மாமா பதறினார். தனக்குச் செஸ் தெரியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த மனிதர், அன்றுதான் அதை யாராவது நம்பித் தொலைக்க மாட்டார்களா என்று தவித்தார்.

மேடம் ஒரு காலிப் பலகையில் குதிரையை வைத்து, நகர்த்திக் காட்டச் சொன்னார். மாமா அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். “குதுர மேடம். ஓடும் இல்ல?” என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டார். மாமா தறிச் சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டி விளக்கினார். ஆனாலும் அந்தப் பெண்ணின் அப்பா விடவில்லை. ‘மெதுவா’ என்று சொன்னாலும் அது யோசனைதானே என்று மடக்கினார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாமா மேடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மேடம், கபடில வெளிய நிக்கிறவன் கத்துனா, கத்துனவனத்தான் வெரட்டுவாங்க. உள்ள ஆடுற பொண்ண அவுட்டுன்னு சொல்லுவாங்களா? இதுவும் ஸ்போர்ட்ஸ் தான மேடம்? தப்பு என்னுது. என்ன வெரட்டுங்க.”

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். கேட்டபோது அது மனதில் ஏறவே இல்லை. என்னை எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் என்னை ஆடச் சொன்னார். மாமா மட்டும் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும் என்றார்.

கேட் என் இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. மற்றவர்களெல்லாம் உள்ளே வேப்பமர நிழலில் நிற்க, மாமா ரோட்டோரத்தில் வெயிலில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, ஒரு கையால் மறுகையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் அதே முதுகு, அதே பிடி. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று இருந்தது. அவர் திரும்பவே இல்லை. அத்தனை பேர் முன்னால் என்னால் அவமானப்பட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பி.இ.டி. சாரும் கோபம் வந்தால் அப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கும் ரோஷம் வந்தது. கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்று பலகையை முறைத்து முறைத்து ஆடினேன். ரொம்ப நேரம் இழுத்து, ஒருவழியாக ஜெயித்தேன்.

கோப்பையோடு ஓடிப்போய், “மாமா” என்றேன். அப்போதும் அவர் திரும்பவில்லை.

“ஆட்டம் முடிஞ்சிடுச்சா? மேடம் சொல்லிட்டாங்களா?” என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். ஆமாம் என்ற பிறகுதான் திரும்பினார்.

பஸ் ஸ்டாண்டில் மிச்சமிருந்த முட்டையை உரித்து நீட்டினார். “துன்னு. ஆடிட்டு வந்துகிற” என்றார். சமாதானம் செய்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரே தன் கோப்பைகளை ஒதுக்கி, என்னுடையதை நடுவில் வைத்தார். நைனா சும்மா இருப்பாரா? “இன்னா மச்சான், வேர்வ வந்துச்சா?” என்று கேட்டார்.

மாமா நைனாவிடம் சொன்னார்: “வந்துச்சு மாமா. எனக்கு.”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த முதுகு மட்டும் மனதில் ஒரு சின்ன முள்ளாக ரொம்ப நாள் இருந்தது.

இப்போது நான் சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அண்ணன் மகளை இங்கே ஒரு செஸ் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். அவளும் தறிக்கொட்டகையில் வளர்ந்தவள்தான். ஆட்டத்தின் நடுவில் ஜன்னல் வழியாக என்னைத் தேடினாள். அவளுடைய இரண்டு விரல்கள் விரியத் தொடங்கின. என் விரல்களும் தாமாக எழுந்துவிட்டன. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டி, மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாமாவுக்கு என்மேல் ஒரு துளிக் கோபமும் இருந்ததில்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

என் முதுகில் வேர்வை வழிந்தது. உள்ளே அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்றும் எனக்குத் தெரிந்தது. ஆட்டம் முடியும்வரை நான் திரும்பவில்லை.