சித்தியைக் கேட்டு வந்தவர்கள்

யாரும் கேட்காமலே உதவி செய்கிற பிள்ளையாக நான் இருந்தேன். கடைக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன். சொல்லாத வேலைக்கு முதல் ஆளாக ஓடுவேன். "உன்னை யாருடி கூப்பிட்டது?" என்பதுதான் என் பிள்ளைப் பருவத்தில் அம்மா என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி. அந்த உதவிகளை எல்லாம் இன்று நினைத்துச் சிரித்துக்கொள்ள முடிகிறது. பூந்தமல்லியில் டிவி கடை திறந்தபோது செய்த உதவியை மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பிளாக்குக்குப் பன்னிரண்டு வீடு என்று வரிசையாக நின்ற குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு. தாத்தா இறந்த பிறகு அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்திருந்தாள். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். அங்கிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. வயது இருபத்தாறு ஆகியிருந்தது.

கடுதாசி வந்ததெல்லாம் செய்யாற்றிலிருந்து, அம்மாவின் அண்ணன் எழுதியது. அங்கே அரிசி மில்லில் மேனேஜராக இருக்கும் ஒருவருக்கு மனைவி தவறிவிட்டாளாம். இரண்டு பிள்ளைகள். சித்தியைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நல்ல மனிதர், குடிப் பழக்கம் இல்லை என்று மாமா ஒவ்வொரு கடுதாசியிலும் அடிக்கோடு போட்டு எழுதினார். சித்தி அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அம்மாவிடம் சொல்வதுபோல அப்பாவின் காதில் விழும்படி சொன்னாள்: "ஒரு வேலை கெடச்சிட்டா ரெண்டே ரெண்டு வருஷம் என்னை விட்ருங்கக்கா. அதுக்கப்புறம் யாரைக் காட்டினாலும் கழுத்தை நீட்டறேன்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வேலைன்னா நெலச்ச வேலையா இருக்கணும்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. தை பிறக்கும்வரை பார்ப்பது, அதற்குள் வேலை அமையாவிட்டால் செய்யாற்றுக்குச் சரி என்று எழுதிவிடுவது என முடிவாயிற்று. அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடி வைத்துப் புதுக் கடை ஒன்று எழும்பியது. பஜாரில் வாட்சும் ரேடியோவும் விற்றுக்கொண்டிருந்த பாய் ஒருவர், கலர் டிவிக்கும் டூ-இன்-ஒன்னுக்கும் மிக்ஸிக்கும் என்று தனியாக ஷோரூம் போட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் அப்படி ஒரு கடை கிடையாது. டிவி வேண்டுமென்றால் மவுண்ட் ரோடுக்குத்தான் போகவேண்டும். விற்பனைக்கு ஆண்களும் பெண்களும் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைச் சித்தி பஸ்ஸிலிருந்தே படித்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தாளாம். பாய் ஒரு இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, "இதை எனக்கு வித்துக் காட்டும்மா பார்ப்போம்" என்றாராம். சித்தி பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "உங்க வீட்ல சட்டைக்கெல்லாம் யாரு பாய் இஸ்திரி போடறாங்க?" என்று கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டார். அன்று மாலை சித்தி வாசலிலிருந்தே "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ஆனால் அந்த வேலையில் ஒரு முடிச்சு இருந்தது. திறப்பு விழாக் கூட்டத்துக்காக ஆறு பேரை எடுத்திருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பார்த்துவிட்டு மூன்று பேரை வைத்துக்கொள்வார்கள். யார் விற்றாலும் பில்லின் மூலையில் விற்றவர் பெயரை எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தும்போது யார் பெயர் எத்தனை பில்லில் இருக்கிறது என்று பாய் பார்ப்பார். அவ்வளவுதான், அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை பாத்திஹா ஓதி, பூந்தி கொடுத்துக் கடையைத் திறந்தார்கள். அன்று சித்தியின் பெயரில் ஒரு பில். சனிக்கிழமை காலை அவள் தலை பின்னிக்கொண்டே அம்மாவிடம் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் நன்றாக விற்கிறார்கள், அவர்களுக்குக் கவலையில்லை. மூன்றாவது இடத்துக்குத் தானும் ஐயப்பன்தாங்கல் பெண் ஒருத்தியும்தான் மல்லுக்கட்டவேண்டும் என்றாள். பின்னலை முடித்துவிட்டு, "என்னைக் கேட்டுக்கினு நாலு பேரு வந்தாங்கன்னா நல்லா இருக்கும்க்கா" என்றாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

நாலு பேர் போதுமாம்! அன்று பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் பையைப் போட்டுவிட்டு எங்கள் பிளாக்கில் ஆரம்பித்தேன். பக்கத்து பிளாக், அதற்கடுத்த பிளாக் என்று மாடிப்படி ஏறி ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "நாளைக்கு எங்க சித்தி கடைக்கு வாங்க. கலர் டிவி இருக்கு. ரோஸ்மில்க் தராங்க. எங்க சித்தி பேரைச் சொல்லித்தான் கேக்கணும்" என்று ஒப்பித்தேன். எங்கள் பக்கத்து வீட்டு ஃபிட்டர் மாமா பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவர், எதற்கும் முன்னால் நிற்கிற மனிதர். "இன்னா பாப்பா, ஒக்காந்த எடத்திலியே டிவியைத் திருப்பற மாதிரி ஒண்ணு கீதாமே, மெய்யாவா?" என்று கேட்டார். ரிமோட்டைத்தான் சொன்னார். நான் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். "அப்ப ஊட்ல எல்லாரையும் இட்டுகினு வந்துட வேண்டியதுதான்" என்றார்.

இந்த இடத்தில் குவார்ட்டர்ஸ்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களில் யாரும் ஃபேனோ குக்கரோ கடையில் வாங்கமாட்டார்கள். ஃபேக்டரிக்குள் ஊழியர் சொசைட்டி இருந்தது. என்ன வேண்டுமோ அதன் கம்பெனியையும் மாடல் நம்பரையும் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் வந்துவிடும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். கடை என்பது பொருளைத் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, நம்பரைக் குறித்துக்கொண்டு வருகிற இடம். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டு மிக்ஸியும் அப்படி வந்ததுதான்; அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அன்றைக்கு அது என் மண்டையில் வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆவடியிலிருந்து போன பஸ்ஸில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். ஃபிட்டர் மாமா குடும்பத்தோடு என்னையும் அனுப்பி வைத்தாள் அம்மா. இத்தனை பேர் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தது நான்தான். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம். நடுவில் நெமிலிச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதியைச் சித்தி நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர் என்று பின்னால் தெரிந்தது. கண் வலிக்குமா, மழையில் ஆன்டெனா என்ன ஆகும் என்று அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் சித்தி முக்கால் மணி நேரமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். "சரிம்மா, இதையே போட்ரு" என்று அந்த அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. சித்தி பில் புக்குக்குக் கை நீட்டினாள்.

நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். "சித்தி, வா வா, எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான் வந்திருக்காங்க!"

"ஒரு நிமிஷம் இரு கண்ணு. இதோ, ஒரே நிமிஷம்."

அதற்குள் பின்னால் முப்பது பேர் நுழைந்துவிட்டார்கள். எல்லார் வாயிலும் சித்தியின் பெயர். "இன்னாமா, நம்ம ஆளுங்களைக் கண்டுக்க மாட்டியா?" என்று ஃபிட்டர் மாமா கடை அதிரக் கேட்டார். கல்லாவில் இருந்த பாய் எழுந்து நின்றுவிட்டார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி இத்தனை குடும்பம் வந்து இறங்கினால் எந்த முதலாளிக்குத்தான் முகம் மலராது? "நீ போம்மா, போய் ஒங்க ஆளுங்களைக் கவனி. இவங்களை அந்தப் பொண்ணு பாத்துக்கும்" என்றார். ஐயப்பன்தாங்கல் பெண் வந்து பில் புக்கை எடுத்துக்கொண்டாள். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றாள்.

அவள் எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பவள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் ஒருவரையும் விடாமல் உட்காரவைத்து, ரிமோட்டை அவரவர் கையில் கொடுத்து, ஒரே விஷயத்தை இருபது தடவை சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் சொன்னாள். பிள்ளைகள் மூன்றாவது ரோஸ்மில்க் குடித்தார்கள். ஆண்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். பேனா இல்லாத ஒருவர் கல்லாவுக்கே போய், "ஒரு பேனா குடுங்க பாய், சொசைட்டில எழுதிப் போடணும்" என்று கேட்டு வாங்கினார். கள்ளமில்லாத மனிதர். பாய் பேனாவைக் கொடுத்துவிட்டுச் சித்தியை ஒரு பார்வை பார்த்தார். நான் ஷோகேஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "அது எங்க சித்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடை சாத்தும்போது நான் மட்டும் சித்தியோடு இருந்தேன். பாய் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. "ஒன்னைக் கேட்டு வந்த மாதிரி யாரைக் கேட்டும் கூட்டம் வரலம்மா. பேச்சும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பில்லைத்தான பாக்கமுடியும், நீயே சொல்லு? எடம் காலியானா சொல்லி அனுப்பறேன்" என்றார். சித்தி "சரிங்க பாய்" என்றாள். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பெருமை தாங்கவில்லை. "அத்தனை பேரையும் யாரு கூப்பிட்டது தெரியுமா சித்தி? நான்தான்!" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லா ஊட்டுக்கும் போனியா? மாடி ஊட்டுக்கெல்லாமா?"

"ஆமா. மூணு பிளாக்."

"அந்த வெயில்லயா போன?"

"ஆமா."

என் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பருத்திப்பட்டு வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். வீட்டில் அவள் "என்னை எடுத்துக்கலக்கா" என்று மட்டும் சொன்னாளாம். ஏன் என்று அம்மாவுக்குத் தெரிந்ததே வருஷங்கள் கழித்து, ஃபிட்டர் மாமாவின் மனைவி வாயால்தான். என் பெயரைச் சித்தி இழுக்கவேயில்லை. கேட்காமல் செய்கிற என்னை அன்று ஒரு அறை அறைந்திருக்கலாம் அவள்.

கார்த்திகையில் சொசைட்டிக்கு லாரி வந்தது. எங்கள் மூன்று பிளாக்கில் பதினோரு வீட்டுக்குக் கலர் டிவி இறங்கியது, எல்லாம் சித்தி விளக்கிச் சொன்ன அதே மாடல். அந்த மூன்று நாளில் அந்தக் கடையில் அவளைப்போல விற்றவர் யாருமில்லை. பில்தான் வேறிடத்தில் விழுந்தது. மார்கழியில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அப்பா அதன் அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் பத்திரமாகப் பரண்மேல் வைத்தார். நான் டிவிக்கு முன்னால் குடியேறினேன். தை பிறந்தது, செய்யாற்றிலிருந்து மாமா வந்தார், பத்திரிகை அடித்தார்கள். வீட்டில் ஆள் வருவதும் போவதும் படத்தை மறைக்கிறது என்று எனக்குக் கோபம்.

செய்யாற்றில் கல்யாணம் முடிந்து, சீர் சாமான்களை ஏற்றிப்போக எங்கள் வாசலுக்கு வேன் வந்தது. சித்தியும் அவள் கணவரும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. பிறகு அப்பா பரண்மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, டிவியை அதற்குள் வைத்துக் கயிறு கட்டினார். அது சித்தியின் சீருக்காக வாங்கியது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் படம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

வாசல்படியில் விழுந்து புரண்டு அழுதேன். குவார்ட்டர்ஸே திரும்பிப் பார்த்தது. பெரியவர்கள் எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு, நல்லது நடந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. சித்தியும் அதுவரை அழவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து வாரி அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் உடைந்து அழுதாள். "எனக்காக அழறதுக்கு நீ ஒருத்தியாவது இருக்கியேடி" என்றாள்.

அவளுக்கு இப்போது அறுபது வயதாகிறது. அவள் வளர்த்த பிள்ளைகளின் பிள்ளைகளிடம் இன்றும் அதைச் சொல்லி என் கன்னத்தைத் தடவுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. அன்று அவள் தோள்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, டிவி வேனில் ஏறுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.