திரியட்டும் என்று விட்ட தேங்காய்ப்பால்

முதல் ஷிப்டில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். டைம் ஆபீசிலிருந்து வந்தவர், ஜைனம்பு அக்கா தவறிவிட்டதாக அவர் மகள் போன் செய்தாள் என்றார். ஒட்டிய டேப்பைக் கிழிக்காமல் அப்படியே நின்றேன். எங்கள் பேக்கிங் பிரிவில் அன்று ஒருவரும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டில் பிறந்தவர். கணவர் பாங்காக்கில் ரத்தினக் கல் கடையில் வேலை பார்த்ததால் ஆறு வருடம் அங்கே குடும்பம் நடத்தினார். அவர் இறந்தபின் மகள் பர்வீனோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். அங்கிருந்து அவருடன் வந்தவை நீலக் கரை போட்ட ஆறு பீங்கான் கிண்ணங்களும், தேங்காய்ப்பால் நூடுல்ஸ் செய்யும் கைப்பக்குவமும்தான்.

முதல் நாள் அவர் பாக்ஸைத் திறந்ததும் சித்தரத்தை வாசம் தூக்கியது. யாருக்கு இருமல் என்று கிண்டல் செய்தோம். "நாட்டு மருந்துக் கடையிலதான்மா வாங்கினேன். உங்களுக்கு மருந்து, எனக்கு மசாலா" என்றார். அரைமணியில் பாக்ஸ் காலி. அவருக்கு மிஞ்சியது என் தயிர்சாதம்.

எலுமிச்சைப் புல்லைப் பெயிண்ட் வாளியில் வளர்த்தார். அந்த ஊர் எலுமிச்சை இலை கிடைக்காததால் நார்த்தை இலையைக் கிள்ளிப் போட்டார். நூடுல்ஸுக்கு அரிசி சேமியா. புரட்டாசியில் எனக்காகக் காய்ந்த இறாலை விட்டுவிட்டு உப்பும் வெல்லமும் சேர்ப்பார். ருசி குறைந்ததாக ஒருநாளும் முகத்தில் காட்டியதில்லை.

ஒரு ஞாயிறு அவர் வீட்டில் செய்முறை பார்க்கப் போனேன். நம் வீடுகளில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிவருமுன் இறக்கிவிடுவோம். அக்கா அதைத்தான் முதலில் சட்டியில் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் பால் திப்பி திப்பியாகத் திரிந்தது. அவர் வாளியில் எலுமிச்சைப் புல் அறுக்கப் போயிருந்த சமயம். நல்லது செய்வதாக நினைத்து அடுப்பை அணைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாத்துக்கு அணைச்ச மல்லிகா? திரியட்டும் விடு. எண்ணெ மேல வந்தாத்தான் மசாலா அதுல வதங்கும்."

போன வருடம் அவருக்கு மார்பில் கட்டி வந்தது. மருந்து ஏற ஏற நாக்கு செத்துப்போனது, கஞ்சிதான் ஆகாரம். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருவாட்டி நீ செஞ்சி எடுத்தாம்மா. எனக்கு ஒருத்தரு செஞ்சி குடுத்ததே இல்ல" என்றார். ஞாயிறு கொண்டுவருவதாகச் சொன்னேன்.

அந்த ஞாயிறு எளாவூரில் என் வீட்டில் அடுப்பை மூட்டினேன். பால் திரியத் தொடங்கியதும் மாமியார் எட்டிப் பார்த்தார். "பால் கெட்டுப்போச்சேடி. நோவாளிக்கு இத்தையா எடுத்துகினு போவ?" என்றார். அக்கா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் சட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய் வரும்வரை பொறுக்காமல் சாக்கடையில் கொட்டினேன். வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வெறுங்கையோடாவது போயிருக்க வேண்டும். வியாழக்கிழமை போன் வந்துவிட்டது.

இறப்பு நடந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோவார்கள். மூன்றாம் நாள் என் முறை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பால் திரிந்தது. மாமியார் வாய் திறக்குமுன், "திரியட்டும் அத்தே" என்றேன். எண்ணெய் மேலே வந்தது, மசாலா அதில் வதங்கிச் சிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரில் ஊற்றினேன்.

பர்வீன் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். ஐந்துதான் இருந்தன. ஆறாவது, அக்காவின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் கவிழ்த்தபடி இருந்தது.

"அந்த ஞாயித்துக்கெழம உம்மா கஞ்சி வேணான்னுட்டாங்க ஆன்ட்டி. மல்லிகா எடுத்தாருவா, கிண்ணத்த கழுவி வைன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க."

அந்தக் கிண்ணத்தை நிமிர்த்தி அதில்தான் முதலில் பரிமாறினேன். ஒருவரும் அதைத் தொடவில்லை.

அக்கா, நான் வரத் தாமதமாகிவிட்டது. எண்ணெய் மேலே வந்திருக்கிறது, பாருங்கள். இந்தத் தடவை நான் அடுப்பை அணைக்கவில்லை.