சீலிங் அடித்த காம்பரா

எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், காம்பரா என்போம். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துவிட்டதா, மனசு தீர்ந்துவிட்டதா தெரியவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு முழம் வெளி விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வெளி வழியாகத்தான் நாங்கள் வளர்ந்தோம். பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். எங்கள் வீட்டில் சண்டை நடந்தால் தீர்ப்பு அந்தப் பக்கமிருந்து வரும். உப்பு தீர்ந்துவிட்டால் யாரும் வாசலுக்குப் போக மாட்டோம். முக்காலியில் ஏறி நின்று, "யக்கா, உப்பு" என்றால் போதும். சுவருக்கு மேலே ஒரு கை வரும், கையில் தேங்காய்ச் சிரட்டை இருக்கும். வாசல் வழியாக வந்து கேட்பதெல்லாம் கங்காணி, கடன்காரன், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் செய்கிற வேலை.

இலங்கை மலைநாட்டில், ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் நெஞ்சு வலிக்க ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம் அது. அங்கிருந்துதான் நான் இங்கிலாந்துக்குப் போனேன், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்கு வேலைக்காக. எங்கள் அம்மாவையும் வயதானவர் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா தவறிவிட்டார், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை நிறுத்தியாயிற்று, பிள்ளை நான் ஒருத்திதான். அவளைத் தனியாக விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாதவர்களின் அம்மாக்களைப் பார்த்துக்கொள்ள விமானம் ஏறினேன். இதற்கு முன்னேற்றம் என்று பெயர். லயமே வந்து வழியனுப்பியது. "நம்ம புள்ளைக்குக் குளிரு ஒண்ணும் புதுசில்ல" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்கள் சொன்னது சரி. மற்றதெல்லாம் புதுசு.

அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு பொது வீட்டில் ஒரு அறை. சுவர் கூரை வரைக்கும் போனது. பக்கத்து அறையில் யாரோ இருமுவது மட்டும் கேட்கும். போன முதல் வாரம், ரசம் கொதிக்கும்போது பார்த்தால் உப்பில்லை. பழக்க தோஷம். சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உப்பு இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டேன். இருமல் நின்றது. அந்தப் பக்கம் ஆள் மூச்சே விடவில்லை. மறுநாள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தயவுசெய்து மற்றவர்களின் பிரைவசியை மதிக்கவும் என்று, கீழே சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டு. மரியாதையான நாடு. செருப்பால் அடித்தாலும் தயவுசெய்து என்று சொல்லித்தான் அடிப்பார்கள்.

வேலையிடத்திலும் அதே பாடம்தான். கதவைத் தட்டு, பதில் வரும்வரை நில், உள்ளே போனால் திரையை இழு. இதற்கெல்லாம் வகுப்பு வைத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். இல்லத்தில் இருந்த ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். அமுக்கினால் எங்கள் பக்கம் மணி அடிக்கும், நாங்கள் ஓட வேண்டும். எனக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு சீமாட்டி இருந்தார். நான் மலைநாட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்த நாள் முதல், நான் ஊற்றும் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். உன் ஊர்த் தேயிலையை உனக்கே போடத் தெரியவில்லையே என்பார். அம்மா ஆயுள் முழுக்கப் பறித்த நல்ல கொழுந்தெல்லாம் கப்பலேறி இவரிடம்தான் வந்திருக்கிறது, எங்களுக்கு மிஞ்சியது தூள், அதில் நான் பழகியது பாலில்லாத வெறும் சாயம். இதையெல்லாம் அவரிடம் விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை. சாரி என்றேன். அந்தச் சொல்லை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே சொல்வேன்.

வெளிநாடு போனவர்கள் ஊருக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும். சிலர் சென்ட் அனுப்புவார்கள், சிலர் சாக்லேட் அனுப்புவார்கள். நான் பிரைவசி அனுப்பினேன். காம்பராவுக்குச் சீலிங் அடித்துவிடலாம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"சீலிங்கா? எதுக்குடி?"

"நீ இருமுனா, தும்முனா பக்கத்து வீடு வரைக்கும் கேக்குதும்மா. ஒனக்குன்னு ஒரு பிரைவசி வேணாமா?"

"நான் இருமுறத எவ களவாண்டுட்டுப் போகப் போறா?"

தோட்டத்துத் தொரை பங்களாவில் சீலிங் இருப்பதை ஞாபகப்படுத்தினேன். மறுநாளே டவுனிலிருந்து கொத்து வேலை செய்கிற மேசன் பாஸ் வந்துவிட்டார்.

வேலை முழுவதையும் நான் வீடியோ கோலில் மேற்பார்வை பார்த்தேன். அம்மா போனைப் பிடித்த லட்சணத்தில் எனக்குத் தெரிந்தது பாஸின் குதிகால், ஒரு வாளி, அம்மாவின் மூக்கு. இருந்தாலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. "சுவருக்கும் சீலிங் சீட்டுக்கும் நடுவுல சந்தே இருக்கக் கூடாது" என்று கடல் தாண்டி உத்தரவு போட்டேன். பாஸ் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தபடி சந்துகளையெல்லாம் சிமெந்து வைத்துப் பூசினார். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கூரை லயம் முழுவதுக்கும் பொது. நடுவில் அந்த வெள்ளைச் சீலிங் மட்டும் எங்களுடையது. அம்மா வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா பார்க்க வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இன்னமும் கொழுந்து எடுக்கிறவள், சிரட்டையில் உப்பு கொடுத்து என்னை வளர்த்தவள். "அவங்க இப்ப பங்களா ஆளுங்க. நாம எல்லாம் போகலாமா?" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அவளுக்குப் பொறாம" என்றாள். நானும் பொறாமைதான் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து கருவாட்டு வாசமும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. வீடு இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார் என்று அம்மாவிடம் பெருமையாகக் கேட்டேன். "ஆமா, காது அடச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குள் நுழையுமுன் அம்மாவுக்கு ஒரு கோல் எடுப்பது என் வழக்கம். எனக்கு அது காலை, அங்கே மத்தியானம் திரும்பியிருக்கும். ஒருநாள் எடுத்தேன், பதில் இல்லை. போனை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். திரும்ப எடுத்தேன். வேலைக்குள் போய், சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பவும் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா போனை எங்கே வைப்பாள் என்பது தெரியாதே தவிர, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு எடுக்கலாம் என்று போனைத் தேடினேன். பிட்சாக் கடை நம்பர் இருந்தது. பஸ் கம்பெனி நம்பர் இருந்தது. குழாய் ரிப்பேர் செய்கிறவர் நம்பர்கூட இருந்தது. அக்காவின் நம்பர் இல்லை. எப்படி இருக்கும்? பிறந்ததிலிருந்து சுவருக்கு மேலே கூப்பிட்டே பழகியவளிடம் யாராவது நம்பர் கேட்பார்களா? அவளைக் கூப்பிட எனக்கு இருந்த ஒரே வழி அந்த இரண்டு முழ வெளி. அதைச் சந்தே இல்லாமல் பூசச் சொன்னவளும் நான்தான்.

கடைசியில் தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவருக்கு, எங்களுக்கெல்லாம் நானா, எடுத்தேன். அம்மாவுக்கு அரிசியும் மாவும் அவர் கடையிலிருந்துதான் போகும். விஷயத்தைச் சொன்னதும், "நீங்க வைங்க மக, நானே ஏறிப் போறேன்" என்றார். அவருக்கு முட்டி வலி. கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினார்.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். மணி அடித்தது. சீமாட்டியின் அறை. ஓடினேன். கதவைத் தட்டினேன், பதில் வரும்வரை நின்றேன், உள்ளே போனேன். தலையணை சரிந்துவிட்டதாம். நிமிர்த்தி வைத்தேன். "அமுக்கியதும் வந்துவிடுகிறாயே, நல்ல பெண்" என்று கையைத் தட்டிக் கொடுத்தார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தலையணையை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாரி என்றேன். எதற்கு என்று அவருக்கும் புரியவில்லை. அடுத்த மணி அடித்தது, அதற்கும் ஓடினேன்.

நடந்ததை நானாதான் பிறகு சொன்னார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினால் பதில் இல்லை. கொழுந்து எடுக்கும் மலைக்கு ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே ஓடி வந்திருக்கிறாள். கதவுப் பக்கமே போகவில்லை. நேரே தன் காம்பராவுக்குள் போய், முக்காலியில் ஏறி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் என் சீலிங்கை இரண்டு வெட்டு வெட்டிப் பிய்த்து, சுவர் ஏறிக் குதித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

"அம்மாக்கு ஒண்ணுமில்ல மக. கை ஒடஞ்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்" என்றார் நானா. "சீலிங்தான் மௌத்தாப் போச்சு."

அம்மா எப்படி விழுந்தாள் என்பதை அவளே பிறகு சொன்னாள். விடியற்காலையில் எழுந்து ரொட்டிக்கு மாவு பிசையப் பார்த்தால் உப்பில்லை. தூக்கக் கலக்கம். முக்காலியில் ஏறி, "புள்ள, உப்பு" என்று கையை உயர நீட்டியிருக்கிறாள். கை சீலிங்கில் இடித்துத் தடுமாறி, முக்காலியோடு சரிந்திருக்கிறாள். எழுந்திருக்க முடியாமல், விழுந்த இடத்திலிருந்தே குரல் போகும்வரை கூப்பிட்டிருக்கிறாள். அக்கா அந்தப் பக்கம் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சத்தம் லேசாகக் கேட்டதாம். அம்மாவின் சத்தம்தான் அங்கே போகவில்லை. நான் காசு கொடுத்து அடித்த சீலிங், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, நான் அடங்கவில்லை. படித்தவள் இல்லையா. "கழுத்துல போடுற பெல்லு ஒண்ணு அனுப்புறேன்மா. அமுக்குனா சத்தம் வரும்" என்றேன்.

"அமுக்குனா யாருடி வருவா?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் உயரத்திலிருந்து வந்தது. "ஏன் பெரியம்மா, பெல்லு எதுக்கு? என்னையக் கூப்புட்டா ஆகாதா?"

அம்மா போனை மேலே திருப்பினாள். சீலிங்கில் ஒரு பெரிய ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் பழைய கறுப்புத் தகரம். பாஸை வரச் சொல்லி அதை அடைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே, "ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"என்னா புள்ள, சாப்ட்டியா?" என்றாள் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம்.

"சாப்ட்டேன்க்கா."

"ஒனக்கு அங்க ஒண்ணுன்னா யாரு வருவா?"

என் அறைச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஆள் இருமிக்கொண்டிருந்தது. "பக்கத்து ரூம்புல இருக்காங்கக்கா" என்றேன்.

"பேரு என்னா?"

எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக அந்த இருமலைக் கேட்கிறேன், ஆணா பெண்ணா என்பதுகூட நிச்சயமில்லை. மணி அமுக்குகிறவர்களுக்குத்தான் அந்த ஊரில் மணி உண்டு. அதைக் கேட்டு ஓடுகிறவளுக்கு இல்லை. "தெரியலக்கா" என்றேன்.

"நம்பர் சொல்றேன், போட்டுக்க" என்றாள் அக்கா. சுவருக்கு மேலே ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாள். அம்மா இந்தப் பக்கம் திருப்பிக் கத்தினாள். நான் போட்டுக்கொண்டேன். "நான் தெனம் கொழுந்து நிறுத்துட்டு வருவேன்ல, அந்த நேரத்துக்கு ஒரு மிஸ் கோல் குடு. குடுத்தீன்னா நீ நல்லாருக்கேன்னு நெனச்சுக்குவேன்."

"குடுக்கலன்னா என்னக்கா பண்ணுவீங்க? அங்கருந்து செவரு ஏறிக் குதிப்பீங்களா?"

"கத்துவேன். நான் கத்துனா ஒனக்குக் கேக்கும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் அந்த நேரத்துக்கு மிஸ் கோல் கொடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். மிஸ் கோல் என்றால் எடுக்கக் கூடாது என்பதுகூடத் தெரியாத மனுஷி. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்னா புள்ள," என்றாள், "உப்பா?"

"ஆமாக்கா" என்றேன்.