மலைக்காரரே என்று கூப்பிட்ட ஜெயம்மாள்

ஜெயம்மாள் என் அப்பாவுக்குச் சிற்றப்பா மகள். எனக்கு அத்தை முறை. பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் தணிகாசலம், கல்யாணமான மூன்றாம் வருஷமே இன்னொருத்தியோடு பட்டணம் போய்விட்டான். அத்தை பஜாருக்குப் பின்னால் இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பத்து வருஷம் மலச்சட்டி கழுவினாள்.

ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ, சீமையிலிருந்து மூன்று டாக்டர்கள் அங்கே வந்தார்கள். சம்பளம் வாங்காமல் வந்தவர்கள். ஆறு மாதம் தங்கி, இருக்கிற ஆட்களுக்கே வேலை பழக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. நர்ஸ் யாரும் வந்து தங்காத ஊர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாலு ஆயாக்களைப் பொறுக்கி ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் அத்தையும் ஒருத்தி. சாத்துக்குடிப் பழத்தில் தண்ணீரை ஏற்றி ஏற்றிக் கை படிந்தது. ஆறு மாதத்தில் தேறினால் ஊசி வேலை நிரந்தரம், இல்லையென்றால் மறுபடியும் மலச்சட்டி. அத்தைக்கு அந்த நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை.

உயரமான டாக்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சீட்டில் உள்ள பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஆள் பதில் சொன்னால்தான் ஊசி. கம்பவுண்டர் நாராயணசுவாமிதான் மொழிபெயர்த்துச் சொல்வார்.

எங்கள் பக்கம் ஆம்பிளைகளில் பாதிப் பேர் தணிகாசலம். அத்தை அந்தப் பெயரை எப்படிச் சொல்வாள்? விட்டுப்போனாலும் புருஷன், சொன்னால் அவன் ஆயுசு குறையும். தணிகாசலம் என்றால் தணிகை மலைதானே; அதனால் அந்தப் பெயர் வந்தால் "மலைக்காரரே!" என்பாள். வார்டே சிரிக்கும்.

"ஏன் ஜெயம்மா, ஓடிப்போன பாவா பேரு வாயில வராதா?" என்பார் கம்பவுண்டர்.

"சும்மா இருங்க சார். எங்கியோ நல்லா இருந்துகினு போவட்டும்."

தணிகாசலங்களும் புரிந்துகொண்டு "ஆங்" என்பார்கள். டாக்டருக்கு இது தெரியாது. கம்பவுண்டரும் வேடிக்கை என்று விட்டுவிட்டார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கட்டில் போதாமல் தரையெல்லாம் பாய். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற சேஷகிரி, கொதிநீர் கொட்டிய கால் சீழ் பிடித்து வந்து படுத்திருந்தார். முதல் நாள் பென்சிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியது; இவருக்கு இனிமேல் கூடாது என்று டாக்டர் எழுதி வைத்தார். அன்று அத்தைக்கு லீவு.

மறுநாள் காலையில், திருவாலங்காட்டு வண்டிக்காரனான இன்னொரு தணிகாசலத்தின் சீட்டோடு அத்தை போய், "மலைக்காரரே!" என்றாள். வண்டிக்காரன் புது ஆள், அவனுக்கு விளங்கவில்லை. காய்ச்சலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த சேஷகிரிதான், "நான்தாம்மா" என்றார். மலையிலிருந்து வந்தவரைத்தானே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சீட்டில் இருந்த பென்சிலினை அவருக்குப் போட்டாள். கால் மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. டாக்டர் ஓடி வந்து எதையெதையோ ஏற்றிப் பார்த்தும் பிழைக்கவில்லை.

மத்தியானம் விசாரணை. டாக்டர் அந்தச் சீட்டை நீட்டினார்.

"இதுல என்னா பேரு எழுதியிருக்குது, படிக்கச் சொல்றாரு" என்றார் கம்பவுண்டர்.

அத்தை சீட்டை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"படிச்சிடு ஜெயம்மா, ஒரு வாட்டிதானே."

"ஒருத்தரு செத்தது போதாதா சார்? அவரையும் நான் சாவடிக்கணுமா?"

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். விஷயத்தைச் சொன்னால், ஐந்து மாதம் தானும் சிரித்துக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். கம்பவுண்டர், "ஒன்றுமில்லை" என்றார்.

இவளுக்குப் படிக்கவே தெரியாது என்று டாக்டர் முடிவு செய்தார். ஆயாக்கள் ஊசியைத் தொடக்கூடாது என்று எழுதிவிட்டார், நாலு பேருக்கும் சேர்த்து. ஆறு மாதக் கெடுவுக்கு முன்பே டாக்டர்கள் மூவரும் சீமைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஊசி போடக் கம்பவுண்டர் ஒருவர்தான், அதுவும் காலையில் மட்டும். சாயங்காலம் காய்ச்சலோடு வருகிறவர்கள் வாசலில் கிடப்பார்கள். விடிவதற்குள் உயிர் போனவர்களும் உண்டு.

ஒரு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி அத்தையின் காலைப் பிடித்தாள்.

"நீ ஊசி போடுவியாமே, எம் புள்ளைக்கு ஒண்ணு போடும்மா."

அத்தை மலச்சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."