கேம் கம்ப்யூட்டரும் ஒரு கிலோ இரும்பும்

மோட்டார்காரர் தன் மனைவிக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். பதினோரு வருடக் கடன். கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பழைய வைண்டிங் மெஷின் ஒரு நாள் பல்லைக் காட்டிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளி அவள் சேர்த்து வைத்திருந்த பணத்தை வாங்கித்தான் புது மெஷின் போட்டார். வாங்கும்போது "மூணே மாசம்" என்றார். எந்த வருடத்து மூன்று மாதம் என்று சொல்லவில்லை.

அவருக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய். நாலாம் வகுப்பிலேயே ஏறவில்லை. ஆனால் எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எந்தக் கம்பிச்சுருள் போயிருக்கிறது என்று சொல்லுகிற மூக்கு அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது, அது அவர் முகத்தில் இருந்தது. பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் பம்ப் செட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, கடை வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, சுவரெல்லாம் கிரீஸ் கைத்தடம், மூலையில் வார்னிஷ் வாளி. அந்த அறையிலிருந்துதான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, இரண்டு அறை வீடும் கட்டினார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை ஒரு தடவை ஓட்டிவிடுவார். "ஒருத்தன்கிட்ட ஒத்தக் காசு வாங்கல" என்கிற இடம் வரும்போது மனைவி சரியாக டீயோடு வந்து நிற்பாள். "சக்கரை போதுமா பாருங்க" என்பாள், அவ்வளவுதான். அவர் உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் முட்டி போய்விட்டது. தையல் மெஷின் பெடலை மிதிக்க முடியாது என்று ஆனதும் அதற்கு உறை போட்டு மூடினாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத பெண். மாடியில் குடியிருந்த நர்ஸ், வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் சுடுகிற கேம் ஆடுவாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து இவளையும் ஆடவிட்டாள். நாற்பது வருடம் ஊசியில் நூல் கோத்த கண்ணும் கையும் சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் நர்ஸையே கொன்று போட ஆரம்பித்தாள். கேமில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'ஊசி'. முகம் தெரியாத பையன்களெல்லாம் "ஊசி அக்கா, கவர் கொடுங்க, சுடுறானுங்க" என்று ஹெட்போன் வழியாகக் காதில் கெஞ்சினார்கள்.

நர்ஸுக்கு ஷிஃப்ட் மாறியது. மாடிக் கம்ப்யூட்டர் கிடைக்காமல் போயிற்று. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மனைவி நேராகக் கேட்டாள்.

"என் நாப்பதாயிரத்தைக் குடுங்க."

மோட்டார்காரருக்குப் புரையேறியது. "இப்ப என்ன திடீர்னு?"

"பதினோரு வருசமா திடீர்னுதான் கேக்கலாம்னு இருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கணும்."

"கம்ப்யூட்டரா? ரெடிமேட்டா வாங்கினா தலையில மொளகாய் அரைப்பான். நானே வாங்கி மாட்டித் தர்றேன். கடனுக்குக் கடனும் தீர்ந்தது."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அதுவும் கரண்ட்லதானே ஓடுது?"

அவர் மனசுக்குள் ஓடிய கணக்கு வேறு. நாற்பதாயிரம் கடனை முப்பத்து நாலாயிரத்துக்குள் முடித்துவிட்டால், ஆறாயிரம் தன் கூலி. தாலி கட்டியவளிடமே கூலி பிடிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். ஒரு நிமிடம்தான்.

மனைவி அவ்வளவு சுலபமான ஆள் இல்லை. நர்ஸை நடுவில் உட்காரவைத்துப் பேச்சை முடித்தாள். கம்ப்யூட்டர் அவளுடைய கேமை இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும். ஓட்டினால் கடன் தீர்ந்தது. நடுவில் நின்றால் நாற்பதாயிரமும் ரொக்கமாக அவள் கையில்.

"சரிதானே அண்ணே?" என்றாள் நர்ஸ்.

"நான் சுத்தின மோட்டார் இருபது வருசமா நிக்காம ஓடுது. ரெண்டு மணி நேரமெல்லாம் ஒரு பேச்சா?"

நர்ஸ் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். பிராசஸர் எட்டாயிரம். மதர்போர்டு ஐயாயிரத்து ஐந்நூறு. மெமரி மூவாயிரம். டிஸ்க் இரண்டாயிரத்து ஐந்நூறு. கிராபிக்ஸ் கார்டு பழையது பதின்மூவாயிரம். பவர் சப்ளை நாலாயிரம். எல்லாவற்றையும் உள்ளே வைக்க ஒரு பெட்டி, இரண்டாயிரம். மொத்தம் முப்பத்தெட்டாயிரம். திரைக்கு மூத்த மகள் ஒதுக்கிப் போட்ட டி.வி. இருந்தது, கீபோர்டும் மௌஸும் நர்ஸே தருவதாகச் சொன்னாள்.

"பிராசஸர் இதுக்குக் கீழ போனா கேம் திக்கும். மெமரி ஒத்தையா வாங்காதீங்க, ஜோடியா வாங்குங்க. கார்டு பழசு பரவாயில்ல. ஆனா பவர் சப்ளைல மட்டும் மிச்சம் புடிக்காதீங்கண்ணே."

அதுவரை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். தெரியாத சாமானைப் பற்றி யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் பவர் சப்ளை என்பது கரண்டை வாங்கிக் கரண்டைக் கொடுக்கிற பெட்டி. நாற்பது வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, ஊசி போடுகிற பெண் அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டு மாதம் ஓடியது. கடையில் வந்த கூலியில் ஒவ்வொரு சாமானாக வாங்கினார். பிராசஸர், போர்டு, மெமரி, டிஸ்க் நாலும் பட்டியலில் எழுதியிருந்தபடி, ஒரு எழுத்து மாறாமல். கடைசியில் கார்டுக்காகப் பழைய சாமான் கடைக்குப் போனார். கீழே இறங்குகிற படிக்கட்டு, இரண்டு பக்கமும் கழற்றிப் போட்ட மானிட்டர்கள், நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் வழி. கடைக்காரன் மூன்று கார்டுகளை மேஜையில் வைத்தான். மூன்றும் ஒரே மாடல், ஒரே விலை.

மோட்டார்காரர் முதல் கார்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். ஃபேனுக்குள் மூக்கை விட்டு இழுத்தார்.

"என்ன பெரியவரே, பூவா அது?"

"இது ஒரு தடவை வெந்திருக்கு."

இரண்டாவதை மோந்தார். "இதைக் கழுவியிருக்கே. எதுக்குக் கழுவினே?"

மூன்றாவதில் தூசி வாடையும், யாரோ புகைத்த சிகரெட் வாடையும் மட்டும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டார். கடைக்காரன் அங்கேயே மாட்டி ஓட்டிக் காட்டினான், நன்றாக ஓடியது. பணத்தை வாங்கிக்கொண்டு அவன் ஒப்புக்கொண்டான்: முதல் கார்டு ரிப்பேரிலிருந்து வந்தது, இரண்டாவதில் யாரோ ஜூஸைக் கொட்டியிருந்தார்கள்.

"பத்து வருசமா கடை வச்சிருக்கேன், மூக்குல டெஸ்ட் பண்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

இந்த வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதே நிமிர்வில் பவர் சப்ளை அடுக்கின் பக்கம் திரும்பினார். பட்டியலில் இருந்த கம்பெனிப் பெட்டி நாலாயிரம். பக்கத்தில் பெயரே கேள்விப்படாத ஒன்று, எழுநூற்றைம்பது வாட் என்று ஒட்டியிருந்தது, ஆயிரத்து நூறு. வைண்டிங் கடையில் யாரும் ஒட்டியதைப் படித்து வாங்குவதில்லை. கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனம் இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது, செம்பு இருந்தால் சரக்கு இருக்கிறது. மோட்டார்காரர் ஒரு கையில் நாலாயிரத்தையும் மறு கையில் ஆயிரத்து நூறையும் தூக்கினார். மலிவானது கம்பெனிப் பெட்டியைவிட ஒரு கிலோ அதிகமாகவே கனத்தது.

கடைக்காரன் வாயைத் திறந்தான். பிறகு எதையோ யோசித்து மூடிக்கொண்டான்.

மூலை நசுங்கிய பெட்டி ஒன்றைத் தொள்ளாயிரத்துக்கு முடித்தார். எல்லாம் சேர்ந்து முப்பத்து நாலாயிரம், மனசுக்குள் போட்ட கணக்குப்படி, சல்லி அதிகமில்லை. வீட்டுக்கு நடந்துபோன நடையைப் பார்த்தால் கம்ப்யூட்டரையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கத் தோன்றும்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டினார்கள். விரல் தடித்த மோட்டார்காரரால் சின்ன ஸ்க்ரூக்களைப் பிடிக்க முடியவில்லை, மனைவி தையல் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து வந்தாள். கேபிள்களையெல்லாம் மடிப்பு எடுக்கிற மாதிரி ஒதுக்கிக் கறுப்பு நூலால் கட்டினாள். சீருடைக்கு உள்தையல் போடுகிற அதே சுத்தம். "வெளிய தெரியாத இடந்தான் ஒழுங்கா இருக்கணும்" என்றாள். ஸ்விட்சைப் போட்டதும் ஓடியது. மோட்டார்காரர் தன் மீசையைத் தானே தடவிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. நர்ஸ் போனில் நேரம் வைத்தாள். மோட்டார்காரர் நாற்காலியைப் பின்னால் போட்டு, காலை நீட்டி, அந்த ஆறாயிரத்தில் கடை வாசலுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது நிமிடம் ஒரு குறையும் இல்லை. ஊசியின் கூட்டத்தில் மூன்று பேர் செத்துவிட்டார்கள், அவள் மட்டும் பாக்கி. எதிரில் இரண்டு பேர். திரையில் நாலு பக்கமும் ஒரே சமயத்தில் வெடித்தது. கார்டு ஃபேன் விர்ரென்று ஏறியது. அவ்வளவுதான், யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி எல்லாம் இருண்டது.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போயிடுச்சு போல" என்றார் மோட்டார்காரர்.

மனைவி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கேம்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும். அந்தப் பசங்க ஏதாவது பண்ணியிருப்பானுங்க."

"அம்பத்தி ரெண்டு நிமிசம்" என்றாள் நர்ஸ், போனைப் பார்த்து.

மறுபடி போட்டார்கள். மறுபடி வெடி, மறுபடி இருட்டு. மூன்றாவது தடவை வெடிக்கு முன்னாலேயே போய்விட்டது. பவர் சப்ளையிலிருந்து ஒரு வாடை வந்தது. அந்த வாடை மோட்டார்காரருக்கு நன்றாகத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே மிச்சமிருந்த கரண்டை ஒரு பல்பை வைத்து இறக்கினார். ஒரு கைப்பிடிச் செம்பு. அதன் பக்கத்தில், நாலு சொட்டுப் பசையில் ஒட்டி, குளிக்கிற சோப்பு மாதிரி ஒரு இரும்புக் கட்டி. எதற்கும் இணைக்காமல், கனத்துக்கு மட்டும் உட்கார்ந்திருந்தது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மனைவி அந்தக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல கனம்" என்றாள்.

"நல்லாத்தான் கனக்கும்" என்றார் அவர்.

"இத நான் வச்சுக்கிறேன். துணி வெட்டும்போது நகராம இருக்கும்."

"நீதான் தைக்கிறதை விட்டுட்டியே."

"யாராவது மறந்துட்டா எடுத்துக் காட்டலாம்ல."

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரன் நிதானமாகக் கேட்டான்: "கார்டை மோந்தீங்க. இதை ஏன் மோக்கல?" மோட்டார்காரர் நாலாயிரத்தை எடுத்து வைத்து, பட்டியலில் எழுதியிருந்த கம்பெனிப் பெட்டியையே வாங்கினார். கையில் தூக்கிப் பார்க்கவில்லை. அதை மாட்டியதும் கம்ப்யூட்டர் நாலு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"இப்ப ஓடுதில்ல? அப்ப கடன் தீர்ந்துது" என்று சொல்லிப் பார்த்தார்.

"பேச்சு என்னன்னு அந்தப் பொண்ணைக் கேளுங்க."

கேட்கத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். "சரி, பணம் குடுத்துட்டா கம்ப்யூட்டர் யாருது?"

"அது நீங்க எனக்கு ஆசையா வாங்கிக் குடுத்தது. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருசத்துல முதல் தடவை. அதையும் இதையும் ஏன் குழப்புறீங்க?"

கடையின் பின்னால், வார்னிஷ் வாளிக்கு மேலே பலகையில், மூன்று சாக்கு இருந்தது. எரிந்த மோட்டார்களிலிருந்து உருவிய பழைய செம்புக் கம்பி, பத்து வருடச் சேமிப்பு. தள்ளாத வயதுக்கு என்று வைத்திருந்தார். யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதை இறக்கி, இரும்புக்கடைத் தராசில் வைத்தார். அந்த ஆள் ஒவ்வொரு சாக்கையும் தரையில் கவிழ்த்து, நடுவில் இரும்பு ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று காலால் கிளறிப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால் மோட்டார்காரர் அவன் பரம்பரையையே இழுத்திருப்பார். அன்றைக்கு, கிளறுகிறவனைப் பார்த்து, "அந்த மூலையிலயும் பாரு" என்று மட்டும் சொன்னார்.

எழுபத்தொரு கிலோ. சுத்தச் செம்பு.

பணத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கேமில் இருந்தாள். காதில் ஹெட்போன், இரண்டு கையும் வேலையில். அவர் பணக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு பேர்தான் மிச்சம், இருங்க" என்றாள், திரும்பாமல்.

பதினோரு வருடம் தன்னைக் காக்கவைத்தவரை அவள் ஆறு நிமிடம் நிற்கவைத்தாள். ஒருவன் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டினான், போனான். இன்னொருவன் ஓடினான், அவனும் போனான். திரையில் 'ஊசி' என்று பெரிதாக எழுதி, மேலே ஒரு கிரீடம் வந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியோடு திரும்பி, உள்ளங்கையை விரித்தாள்.

"எண்ணி வைங்க."

மோட்டார்காரர் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டார். ஐந்நூறு ஐந்நூறாக, ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி வைத்தார். நாற்பதாவது நோட்டில் மூச்சு விட்டார். அறுபதில் "இதோட பாதிக்கு மேல ஆச்சு" என்றார். அவள் விரித்த கையை அசைக்கவில்லை. எழுபத்தொன்பது என்று சொல்லிவிட்டுக் கையில் மிஞ்சிய பணக்கட்டை மடித்தார்.

"இன்னும் ஒண்ணு" என்றாள்.

அவர் வைத்தார்.